ஒரு கணிதக்காரரின் சந்தேகம்

மேசைமேல் மூன்று புத்தகங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிறம் உண்டு, எடை உண்டு, பழைய காகித வாசனைகூட உண்டு. ஆனால் ‘மூன்று’ எதில் இருக்கிறது? எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அது அகப்படாது. எண்ணுகிறவர் மனத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அப்படியானால் என் மூன்றும் உங்கள் மூன்றும் ஒன்றுதானா? நான் தூங்கிப்போனால் என் மூன்று என்னவாகும்? சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் 1887இல் இதையே தன் ஆய்வேடாக எழுதிப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார், கணிதத்தில் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருந்த 28 வயது இளைஞர் ஒருவர்.

அவர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல். எண்ணுக்கு அடித்தளம் தேடிப் போனவரின் கையில் கடைசியில் சிக்கியது வேறொன்று: ஃபினாமினாலஜி. நிகழ்வியல் என்றும் தோற்றப்பாட்டியல் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். ஒரு பொருள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகிறது என்பதைக் கூர்ந்து விவரித்து, அதன் வழியாகப் பிரக்ஞையைப் புரிந்துகொள்ளும் முறை அது. பெயர் அவர் கண்டுபிடித்ததல்ல. 1807இலேயே ஹெகல் அதைத் தன் புத்தகத்தின் தலைப்பில் வைத்திருந்தார். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மனத்துக்கு வருகிற பொருள் மட்டும் ஹுஸ்ஸர்ல் தந்தது.

1859இல் ஆஸ்திரியப் பேரரசின் மொராவியாவில், ப்ரோஸ்னிட்ஸ் என்ற ஊரில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஊர் இப்போது செக் குடியரசில் இருக்கிறது. 1876இல் வானியல் படிக்க லைப்சிக் போனார். அங்கே வில்ஹெல்ம் வுண்ட்டின் தத்துவ வகுப்புகளில் போய் உட்கார்ந்திருக்கிறார்; பெரிதாக எதுவும் ஒட்டவில்லை. அவர் லைப்சிக்கை விட்டுக் கிளம்பிய அடுத்த ஆண்டு, 1879இல், அதே வுண்ட் அங்கே உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். நவீன உளவியலின் பிறந்த நாளாக அதைத்தான் பாடப்புத்தகங்கள் குறிக்கின்றன.

பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ். நுண்கணிதத்தில் படம் வரைந்து, ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்று ஒப்பேற்றிய இடங்களையெல்லாம் விடாமல் துருவி, ஒவ்வொரு அடியையும் எண்களைக் கொண்டே நிறுவ வேண்டும் என்று நின்றவர். அவரிடம் பயின்ற மாணவனுக்கு அடுத்த கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கணிதம் முழுவதும் எண்மேல் நிற்கிறது என்றால், எண் எதன்மேல் நிற்கிறது? 1883இல் வியன்னாவில் மாறுபாட்டு நுண்கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். இந்தக் கேள்விக்குக் கணிதத்துக்குள் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

வியன்னாவில் அப்போது ஃபிரான்ஸ் பிரெண்டானோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர். சமயக் கோட்பாடு குறித்து போப் அதிகாரபூர்வமாக அறிவிப்பதில் பிழையே இருக்க முடியாது என்று 1870இல் திருச்சபை அறிவித்ததை ஏற்க முடியாமல் பாதிரி அங்கியைக் கழற்றினார். 1880இல் திருமணம் செய்துகொள்ளப் போக, முன்னாள் பாதிரியார் மணம் முடிக்க ஆஸ்திரியச் சட்டம் இடம் தராததால் பேராசிரியர் பதவியும் போயிற்று. அதன்பிறகும் சம்பளமில்லாத ஆசிரியராக அதே பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தார், மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1870களில் சிக்மண்ட் ஃப்ராய்ட்கூட அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். மனத்தின் அடியில் கிடப்பதைத் தோண்டப் போனவரும், மனத்துக்கு முன்னால் தோன்றுவதை விவரிக்க வந்தவரும் ஒரே ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

பிரெண்டானோ 1874இல் எழுதிய உளவியல் நூலில் ஒரு பழைய சங்கதியைத் தூசி தட்டி எடுத்திருந்தார். இடைக்காலக் கிறித்தவ அறிஞர்கள் சொல்லி வைத்தது அது. மனத்தின் செயல் எதுவானாலும் அது எதையோ நோக்கியே இருக்கும். வெறுமனே ஆசைப்பட முடியாது, எதற்காவது ஆசைப்பட வேண்டும். வெறுமனே நினைக்க முடியாது, எதையாவது நினைக்க வேண்டும். கல்லுக்கோ மேசைக்கோ இந்தக் குணம் கிடையாது. கல் எதைப் பற்றியதும் அல்ல. மனத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் இந்தக் குணத்தை ‘நோக்குடைமை’ என்று வைத்துக்கொள்ளலாம். ராணுவ சேவை முடித்துக் கணிதமா தத்துவமா என்று தடுமாறிக்கொண்டிருந்த ஹுஸ்ஸர்ல், 1884 முதல் இரண்டு ஆண்டுகள் இந்த வகுப்புகளைக் கேட்டார். பிறகு கணிதத்தின் பக்கம் வேலை தேடிப் போகவில்லை.

பதவி பறிபோன பிரெண்டானோவால் அவருக்கு ஆசிரியத் தகுதி வாங்கித் தர முடியாது. அதனால் தன் பழைய மாணவர் கார்ல் ஷ்டும்ஃப் இருந்த ஹாலே நகரத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் கேயோர்க் கான்டர், கணக் கோட்பாட்டின் தந்தை. முடிவிலிகளிலும் சிறியது பெரியது உண்டு என்று நிறுவிய மனிதர். எண் என்றால் என்ன என்ற கேள்வியைக் கேட்க ஹாலேயைவிடப் பொருத்தமான ஊர் அன்றைய ஐரோப்பாவில் அதிகம் இருந்திருக்காது.

1891இல் ‘எண்கணிதத்தின் தத்துவம்’ முதல் தொகுதி வந்தது. அதில் ஹுஸ்ஸர்ல் சொன்ன விடை இது. ‘மூன்று’ புத்தகங்களிலும் இல்லை, காற்றிலும் இல்லை. இதுவும் இதுவும் இதுவும் என்று சேர்த்துப் பிடிக்கிற ஒரு செயல் இருக்கிறதே, அந்தச் செயலைத் திரும்பிப் பார்க்கும்போது எண் பிடிபடுகிறது. ஆனால் இப்படி நேரடியாகச் சேர்த்துப் பிடிக்க முடிவது பத்துப் பன்னிரண்டு வரைக்கும்தான். அதற்குமேல் குறியீடுகளின் தயவில் ஓட்டுகிறோம். வானத்தில் பறவைக் கூட்டத்தைப் பார்க்கும்போது ஒவ்வொன்றாக எண்ணாமலே ‘கூட்டம்’ என்று ஒரே பார்வையில் தெரிகிறது. அது எப்படி என்றும் அந்தப் புத்தகம் யோசிக்கிறது. எண்ணைவிட எண்ணும் அனுபவத்தைத்தான் அவர் அதிகம் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

பக்கத்து ஊரான யேனாவிலிருந்து அடி விழுந்தது. தர்க்கவியலாளர் கோட்லோப் ஃப்ரேகெ 1894இல் எழுதிய மதிப்புரையில் புத்தகத்தைக் கிழித்துப் போட்டார். எண்ணை மனப்பதிவாக்கினால் ஆளுக்கொரு ‘இரண்டு’ என்று கோடிக்கணக்கான இரண்டுகள் உலகத்தில் உலவ வேண்டியிருக்கும் என்பது ஃப்ரேகெ 1884இலேயே சொல்லி வைத்த வாதம். அதற்கு மறுமொழி சொல்வது லேசல்ல.

ஃப்ரேகெ அடித்தார், ஹுஸ்ஸர்ல் திருந்தினார் என்று கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. மதிப்புரை வருவதற்கு முன்பே அவர் சொந்தக் கணக்கில் சிக்கிக்கொண்டிருந்தார். மூன்றைச் சேர்த்துப் பிடிக்கலாம் சரி, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை எதைச் சேர்த்துப் பிடிப்பது? அப்படியொரு எண்ணுக்கு எதிரே எந்தக் கூட்டமும் கிடையாது, ஆனாலும் கணக்கு பிசகாமல் வருகிறது. இதற்கெல்லாம் பதில் சொல்வதாக வாக்களித்த இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை.

அடுத்த பத்தாண்டு ஹாலேயில், மாணவர் கட்டணத்தை நம்பி வாழும் கடைநிலை ஆசிரியராகவே கழிந்தது. 1900, 1901 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தது ‘தர்க்கவியல் ஆய்வுகள்’. முதல் பாகம் ஹுஸ்ஸர்லின் பழைய கட்சிக்கே எதிரானது, முன்னுரையிலேயே அதை ஒப்புக்கொள்கிறார். தர்க்க விதிகள் மனித மனத்தின் பழக்கங்கள் என்று சொல்லும் உளவியல்வாதத்தை அது அடுக்கடுக்காக உடைக்கிறது. ஒரு கூற்று ஒரே சமயத்தில் உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியாது என்பது வெறும் மூளைப் பழக்கம் என்றால், மூளை மாறினால் உண்மையும் மாறும். அப்போது ‘அது வெறும் பழக்கம்தான்’ என்ற கூற்றே எந்த உரிமையில் உண்மையாகும்?

இதைப் படித்துத் தலையாட்டியவர்கள் இரண்டாம் பாகத்தைத் திறந்ததும் குழம்பிப்போனார்கள். முன்வாசல் வழியாக விரட்டிய மனத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே கூட்டிவந்திருந்தார்! நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அனுபவம், அர்த்தம், பார்த்தல், கற்பனை என்று ஒரே விவரிப்பு. முரண்பாடு என்று சிலர் எழுதினார்கள். எனக்கென்னவோ ஃபினாமினாலஜி பிறந்த இடம் துல்லியமாக இந்த முரண்பாடுதான் என்று தோன்றுகிறது. நினைக்கப்படுகிற மூன்று, நினைக்கிற மனத்துக்குள் இல்லை. அந்த வகையில் ஃப்ரேகெ சொன்னது சரி. ஆனால் யாருக்கும் எப்போதும் தோன்றாத மூன்றைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நோக்கப்படும் பொருள் வேறு, நோக்கும் செயல் வேறு, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே வருகின்றன. அந்தப் பொருத்தத்தை விவரிக்க அதுவரை ஒரு துறை இல்லை.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரே நேரத்தில் அதன் மூன்று பக்கங்களுக்குமேல் தெரியாது. ஆனால் மூன்று செவ்வகங்களைப் பார்த்ததாக யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டியைப் பார்த்ததாகவே சொல்கிறோம். காணாத பக்கங்களை யோசித்து ஊகிப்பதும் இல்லை. அவை எதிர்பார்ப்பாகப் பார்வையிலேயே சேர்ந்து வருகின்றன. திருப்பிப் பார்க்கும்போது பின்பக்கம் இல்லாமல் வெறும் முகப்பட்டையாக இருந்தால்தான் திடுக்கிடுவோம். அந்தத் திடுக்கிடல் எதிர்பார்ப்பு இருந்ததற்குச் சாட்சி. மனத்துக்குள் எட்டிப் பார்த்தா இதைக் கண்டுபிடித்தோம்? இல்லை, தீப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தோன்றுகிற விதத்துக்குக் கவனம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஃபினாமினாலஜி என்றால் அகத்தைக் கவனித்து அறிக்கை தருவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அகநோக்கு என்ற பெயரில் அப்படியும் ஒன்று இருந்தது, அது உளவியல் ஆய்வுக்கூடங்களின் வேலை. அதற்கு நேர்ந்த கதியைக் கவனிக்க வேண்டும். வுண்ட்டிடம் பயின்ற ஓஸ்வால்ட் க்யூல்பெயின் வ்யூர்ட்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில், பிம்பமே இல்லாத எண்ணங்கள் உண்டு என்று அகநோக்கர்கள் சொன்னார்கள். அவரைப்போலவே வுண்ட்டிடம் பயின்ற டிட்ச்னர் அமெரிக்காவின் கார்னெல்லில் நடத்திய கூடத்தில், அப்படி எதுவும் கிடையாது என்று அதே அளவு பயிற்சி பெற்ற அகநோக்கர்கள் சொன்னார்கள். யார் சரி என்று தீர்க்க வழியே இல்லை. 1913இல் ஜான் வாட்சன், பிரக்ஞை என்ற பேச்சையே உளவியலிலிருந்து எடுத்தெறிந்துவிட்டு நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறிவித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அவர் கட்சிதான் ஓங்கியது.

அதே 1913இல் ஜெர்மனியில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று ஹுஸ்ஸர்லின் ‘ஐடியாக்கள்’ முதல் நூல். இன்னொன்று, ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த 30 வயது கார்ல் யாஸ்பர்ஸ் எழுதிய ‘பொது மனநோயியல்’. பிரமை காணும் நோயாளியின் மூளையில் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பிரமை அவருக்கு எப்படித் தோன்றுகிறது, சாதாரணக் கற்பனையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று விவரித்து வகைப்படுத்த வேண்டும் என்றது அது. நோயாளியின் சொல்லை மருத்துவக் குறிப்பேட்டுக்குள் கொண்டுவந்த புத்தகங்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

ஆனால் நான் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். 1901இலேயே ஹுஸ்ஸர்ல் கோட்டிங்கனுக்கு மாறியிருந்தார். 1905இல் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி தர அமைச்சகம் முன்வந்தபோது, உள்ளூர்ப் பேராசிரியர்களே அவருடைய ஆய்வுகளுக்கு அந்தத் தகுதி கிடையாது என்று எதிர்த்தார்கள். மறு ஆண்டு அமைச்சகம் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் நியமித்தது. பதவி கைவிட்டுப்போன அந்த 1905இன் தொடக்கத்தில், காலத்தைப் பற்றிய உணர்வு குறித்து அவர் நடத்திய வகுப்புகள் என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த காரியம்.

ஐந்து சுரங்களில் ஒரு சிறு மெட்டைக் கேட்கிறோம். மூன்றாவது சுரம் ஒலிக்கும்போது முதல் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அவை முற்றாகப் போய்விட்டன என்றால் காதில் விழுவது ஒற்றைச் சுரம், மெட்டு அல்ல. போகாமல் அப்படியே இருக்கின்றன என்றால் மூன்றும் ஒன்றாக ஒலித்து இரைச்சலாகிவிடும். இரண்டுமே நடப்பதில்லை. ‘இப்போதுதான் கடந்தது’ என்ற சாயலோடு முன்சுரங்கள் பிடிபட்டே இருக்கின்றன. வரப்போகும் சுரத்தின்மேல் எதிர்பார்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. இது ஞாபகம் அல்ல. நேற்றுக் கேட்ட பாட்டை நினைத்துப் பார்ப்பது வேறு, கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டின் முந்தைய சுரம் இன்னும் நழுவாமல் இருப்பது வேறு. ‘இப்போது’ என்பது புள்ளியல்ல, அதற்குப் பருமன் உண்டு. இதைச் சொல்ல அவருக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

1907 வசந்தத்தில் ஐந்து விரிவுரைகளில் தன் முறைக்கு ஒரு வாசற்படி கட்டினார். கணிதத்தில் ஒரு கோவையை அடைப்புக்குறிக்குள் போட்டு நிறுத்தி வைப்பதுபோல, உலகம் வெளியே இருக்கிறது என்ற நம் நம்பிக்கையை அடைப்புக்குள் நிறுத்து என்றார். உலகம் இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை, சந்தேகப்படவும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை ஆதாரமாக வைத்து வாதாடாதே, அது எப்படி உருவாகி நிற்கிறது என்று பார் என்பதுதான் கோரிக்கை. இந்தப் படியில்தான் சீடர்கள் பிரிந்தார்கள். ம்யூனிக்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கோட்டிங்கனில் வந்து குவிந்திருந்த இளைஞர்கள், பொருள்களிடமே திரும்பிப் போவோம் என்ற முழக்கத்துக்காக வந்தவர்கள். 1913 புத்தகத்தில் குருநாதர் பொருள்களை விட்டுப் பிரக்ஞையின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அவர்களில் பலர் கைவிரித்தார்கள். சண்டை முற்றுவதற்குள் போர் வந்துவிட்டது. 1916இல் ஹுஸ்ஸர்லின் இளைய மகன் வெர்டனில் இறந்தான். 1917இல் சீடர்களில் மிகத் தெளிவான தலை என்று எல்லாரும் மதித்த அடால்ஃப் ரைனாக் ஃப்ளாண்டர்ஸில் இறந்தார்.

1916இல் ஃப்ரைபர்க் போன ஹுஸ்ஸர்லுக்கு எடித் ஸ்டைன் உதவியாளரானார். மற்றவரின் வலியும் மகிழ்ச்சியும் நமக்கு எப்படித் தெரியவருகின்றன என்று ஆய்வேடு எழுதியவர். கேபல்ஸ்பெர்கர் சுருக்கெழுத்தில் குருநாதர் கிறுக்கிக் குவித்த தாள்களைப் படித்து, அடுக்கி, புத்தக உருவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. காலம் பற்றிய வகுப்புக் குறிப்புகளை 1917இலேயே செப்பனிட்டு முடித்தார். குருநாதர் திரும்பிப் பார்க்காமல் புதுத் தாள்களை எழுதிக்கொண்டே போனார். 1918இல் ஸ்டைன் வேலையை விட்டார். அந்தக் குறிப்புகள் 1928இல் அச்சேறியபோது பதிப்பாசிரியர் என்று முகப்பில் இருந்த பெயர் மார்ட்டின் ஹைடெகர். உழைப்பு யாருடையது என்பது இன்று ஆய்வாளர்கள் எல்லாருக்கும் தெரியும், அட்டைக்கு மட்டும் தெரியவில்லை.

ஹைடெகர் ‘இருப்பும் காலமும்’ நூலை 1927இல் ஹுஸ்ஸர்லுக்கே சமர்ப்பித்தார், மறு ஆண்டு அவருடைய நாற்காலியிலும் அமர்ந்தார். 1933 ஏப்ரலில், யூதராகப் பிறந்தவர் என்பதற்காக, ஓய்வுபெற்ற ஹுஸ்ஸர்லையும் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கி ஆணை வந்தது. இளமையிலேயே புராட்டஸ்டன்ட் கிறித்தவரானதோ, மகனைப் போரில் கொடுத்ததோ கணக்கில் வரவில்லை. அதே மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர் ஹைடெகர். 1938 ஏப்ரல் 27இல் ஹுஸ்ஸர்ல் இறந்தபோது ஹைடெகர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

மிஞ்சியது சுமார் 40,000 பக்கச் சுருக்கெழுத்து. நாஜிகள் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து ஹெர்மன் வான் பிரேடா என்ற இளம் பிரான்சிஸ்கன் துறவி முனைவர் ஆய்வுக்காக ஃப்ரைபர்க் வந்தார். வந்தவர் ஆய்வை மறந்து தாள்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். சுவிஸ் எல்லையோரக் கான்ஸ்டன்ஸ் வழியாக வெளியேற்ற ஒரு கன்னிமாடச் சகோதரி எடுத்த முயற்சி பலிக்கவில்லை. வான் பிரேடாவே பெட்டிகளை ரயிலில் பெர்லினுக்குத் தூக்கிப்போய் பெல்ஜியத் தூதரகத்தில் ஒப்படைத்தார். சோதனைக்கு உட்படாத தூதரகச் சரக்காக அவை அந்த ஆண்டு முடிவதற்குள் லூவன் சேர்ந்தன. ஹுஸ்ஸர்லின் மனைவி மால்வினும் பின்னால் பெல்ஜியம் வந்து, போர்க்காலம் முழுவதும் ஒரு கன்னிமாடத்தில் மறைந்திருந்தார். எடித் ஸ்டைனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1942 ஆகஸ்டில் ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

ஃபினாமினாலஜி பிரான்சுக்குப் போனதைப் பற்றிப் பேசினால், பாரிஸ் மதுக்கடையில் ஒரு கோப்பையைக் காட்டி, ‘இதைப் பற்றியும் தத்துவம் பேசலாம்’ என்று நண்பர் ரேமோன் ஆரோன் சொல்லக் கேட்டுத் தத்துவவாதி சார்த்தர் பரவசத்தில் முகம் வெளுத்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான மோரிஸ் மெர்லோ-பொந்தி 1939 ஏப்ரலில் லூவனுக்கு வந்தது. அச்சாகாத தாள்களில் உடலைப் பற்றி ஹுஸ்ஸர்ல் எழுதியிருந்ததை அவர் படித்தார். வலக்கை இடக்கையைத் தொடும்போது, தொடுவதும் தொடப்படுவதும் ஒரே உடல். மற்ற எந்தப் பொருளும் நமக்கு இப்படித் தோன்றுவதில்லை. 1945இல் வந்த அவருடைய ‘புலனறிவின் ஃபினாமினாலஜி’, கை துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கையில் வலி உணர்பவர்களையும், போரில் தலையில் அடிபட்டவர்களையும் பற்றிய மருத்துவப் பதிவுகளை வைத்துக்கொண்டு, மனம் மூளைக்குள் உட்கார்ந்திருக்கும் தனி ஆள் என்ற எண்ணத்தை ஆட்டங்காண வைத்தது.

சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா 1996இல் இன்னும் ஒரு படி போனார். மூளைப் பதிவுகளோடு, பயிற்சி பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைத் துல்லியமாக விவரிப்பதையும் சேர்த்து, ஒன்றால் ஒன்றைத் திருத்திக்கொண்டு ஆராய வேண்டும் என்றார். அந்த வழியில் பாரிஸில் வலிப்பு நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசி, வலிப்புக்கு முந்தைய நிமிடங்களை விவரிக்க வைத்தபோது, அதுவரை தாங்களே கவனித்திராத முன்னறிகுறிகளைச் சிலர் அடையாளம் கண்டார்கள்.

ஹுஸ்ஸர்ல் இதற்கு ஒப்புக்கொண்டிருப்பாரா என்றால், மாட்டார் என்றே நினைக்கிறேன். பிரக்ஞையை இயற்கைப் பொருள்களில் ஒன்றாக்கி அறிவியலிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 1911இல் நீண்ட கட்டுரையே எழுதியவர் அவர். அறிவியல் எதைச் சொன்னாலும் அதுவும் யாருக்கோ தோன்றித்தான் ஆக வேண்டும், எனவே தோன்றுதலை அறிவியலால் முழுக்க விளக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணரக் கற்றுக்கொண்ட நோயாளியின் பக்கம்தான் என் ஓட்டு விழுகிறது.